அடிபட்டவருக்காக வாதாடிய மார்ஜரி ஃபிரை அம்மையார்



ஒரு கணக்குச் சொல்கிறேன். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமே கொடுத்துப் பாருங்கள். 1951-ம் வருடம் இங்கிலாந்தில் ஒரு மனிதனை இரண்டு பேர் தாக்கினார்கள். அவனுக்குப் பார்வை போயிற்று. அவனுக்கு 11,500 பவுன் நஷ்டஈடு என்று தீர்ப்பாயிற்று. சிறையிலிருந்து வெளிவந்த அவ்விருவரும் தலைக்கு வாரம் 5 ஷில்லிங் வீதம் கட்டிவர வேண்டுமென்று உத்தரவு. 20 ஷில்லிங் சேர்ந்தது ஒரு பவுன். அப்படியானால் கடைசித் தவணை அந்தக் குருடன் கைக்கு எப்போது வந்துசேரும்? 442 வருடம் கழித்து!

1957-ம் வருடம் லண்டன் பத்திரிகையொன்றில் இந்தக் கணக்கை எடுத்துக் காட்டியவர் 83 வயதான ஒரு மூதாட்டி. அவர்தாம் மார்ஜரி ஃபிரை அம்மையார். ஆக்ஸ்போர்டில் கணிதம் படித்தவர் என்பதால் கணக்கு அவருக்குப் புதிதல்ல.

1874-ம் வருடம் மார்ச்சு மாதம் 11-ம் தேதி லண்டனில் குவேக்கர் சபைக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தகப்பனார் சர் எட்வர்டு ஃபிரை பெயர்பெற்ற நீதிபதி. சகோதரர் ரோஜர் ஃபிரை சித்திரக்காரர், கலை விமரிசகர். அம்மையார் விவாகம் செய்துகொள்ளவில்லை. பர்மிங்ஹாமில் கல்லூரிப் பெண்களின் விடுதியைப் பத்து வருடம் நடத்தினார். முதல் மகா யுத்தத்தின்போது பிரான்சு தேசம் சென்று, வீடுவாசல் இழந்து நின்ற குடியானவர்களுக்கு உதவிசெய்யும் வேலையில் இறங்கினார். ஒரு பாவமும் அறியாதவர்கள் பிறர் செய்த கொடுமையால் நடுத்தெருவில் நிற்பதை அங்கே நேரில் கண்டார்.

யுத்தம் முடிந்தபின் லண்டனில் ஹாலோவே பெண்கள் சிறைச்சாலைக்கு அருகே குடியேறினார். 1921-ல் உருவான ஹோவர்டு சிறைச் சீர்திருத்தச் சங்கத்துக்கு அவரே முதல் காரியதரிசி. அதே வருடத்தில் மாஜிஸ்திரேட்டாகவும் நியமனம் பெற்றார். இங்கிலாந்தில் அந்த ஆசனத்தில் அமர்ந்த முதல் ஸ்திரீகளுள் அவரும் ஒருவர். பிறகு தாம் படித்த சாமர்வில் கல்லூரிக்கே தலைவியாயிருந்தார். தூக்குத் தண்டனை ஒழியவேண்டுமென்று ஓயாமல் பாடுபட்டார்.

இங்கேதான் உங்கள் கவனத்தைக் கேட்கிறேன். ஜீவியத்தில் பெரும்பாகத்தைக் கைதிகளுக்காகச் செலவிட்டவர் முதுமையில் கைதியிடம் அடிபட்டவன் பக்கம் திரும்பினார். சாதாரணமாய் அடிபட்டவனுக்குப் பரிந்து பேசுகிறவர்கள், அடித்தவனை இன்னும் கடினமாய்த் தண்டியுங்கள் என்றுதான் கேட்பார்கள். அம்மையார் அப்படிக் கேட்கவேயில்லை. குற்றவாளியைப் பத்து வருடம் கூடுதலாய் அடைத்துவைத்தால் குருடனுக்குக் கண் வந்துவிடுமா?

குற்றவாளியே நஷ்டத்தைக் கட்டட்டும் என்றுதான் முதலில் அவரும் எண்ணினார். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி அகப்படுவதில்லை. அகப்பட்டாலும் அவன் கையில் காசிராது. அதற்குத்தான் மேலே சொன்ன 442 வருடக் கணக்கு. ஆகையால் சர்க்காரே கொடுக்கவேண்டும் என்றார். அவர் காட்டிய நியாயத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். யாரும் ஆயுதம் தூக்கித் தன்னைத்தான் காத்துக்கொள்ளத் திரியக்கூடாது, பழிவாங்கக் கூடாது என்று சட்டம் நம் கையைக் கட்டுகிறது. அது சரியே. ஆனால் கையைக் கட்டின சர்க்கார் நம்மைக் காக்கத் தவறினால் அந்த நஷ்டத்துக்குப் பொறுப்பேற்க வேண்டாமா? தொழிற்சாலையில் விரல் போனவனுக்கு இன்ஷூரன்சு பணம் உண்டு. தெருவில் அடிபட்டுக் கை போனவனுக்கு ஒன்றுமில்லை. இது என்ன நீதி என்பதே அவர் கேள்வி.

எரிக்கோவுக்குப் போகும் வழியில் கள்ளர் கையில் அகப்பட்டவனை நீங்கள் அறிவீர்கள். சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்துச் சென்ற சமாரியன் அந்நியன். அது இரக்கம். அம்மையார் கேட்டதோ இரக்கமல்ல, பாத்தியதை. இவ்விரண்டையும் நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம்.

1958-ம் வருடம் ஏப்ரல் 21-ம் தேதி அவர் காலமானார். தாம் கேட்ட சட்டத்தை அவர் கண்ணால் காணவில்லை. முதலில் செவிசாய்த்தது தூரத்திலுள்ள நியூசிலாந்து: அங்கே 1963-ல் சட்டமாயிற்று. மறு வருடம் இங்கிலாந்தும் தொடங்கிற்று. ஆனாலும் உரிமையாக அல்ல, சர்க்காரின் தயவாகத்தான் வெகுகாலம் கொடுத்துவந்தது. இது எனக்குக் குறையாகவே படுகிறது.

அப்புறம் வேறொரு சிக்கல் எழுந்தது. பாரீசு நகரைப் பார்க்கப்போன ஓர் ஆங்கிலேயரைச் சுரங்க ரயில் நிலைய வாசலில் சிலர் அடித்துக் காயப்படுத்தினார்கள். பிரெஞ்சுக் குடியாயிருந்தால் பணமுண்டு. அந்நியருக்கு இல்லை என்றார்கள். 1989-ம் வருடம் ஐரோப்பிய சமூகத்தின் நீதிமன்றம் அது செல்லாதென்று தீர்த்தது. அந்த நாடுகளுக்குள் ஒருவர் தடையின்றிப் போய்வரலாம் என்றால், போன இடத்தில் அந்நாட்டாருக்குள்ள பாதுகாப்பு அவருக்கும் உண்டு என்பது தீர்ப்பின் சாரம். 2004-ல் ஐரோப்பிய ஐக்கியம் ஒரு படி மேலே போயிற்று. வெளிநாட்டில் அடிபட்டவர் மொழி தெரியாத ஊரில் அலையாமல், தம் சொந்த நாட்டு அலுவலகத்திலேயே மனுக் கொடுக்கலாம். சம்பவம் நடந்த நாடு பணம் தரவேண்டும் என்று ஏற்பாடு செய்தது. இதற்கிடையே 1985-ல் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபையும், குற்றத்துக்கு இரையானவர்களை மரியாதையோடு நடத்தவும், குற்றவாளியால் முடியாதபோது அரசே ஈடுசெய்ய முயலவும் வேண்டுமென்று பிரகடனம் செய்திருந்தது.

நம் தேசத்திலும் 2008-ம் வருடத்துத் திருத்தச் சட்டத்தால் இதற்கு வழி பிறந்தது. குற்றவாளி இன்னாரென்று தெரியாவிட்டாலும், வழக்கே நடவாவிட்டாலும், பாதிக்கப்பட்டவரோ அவரை நம்பியிருந்த குடும்பத்தாரோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனுச் செய்யலாம். நம் பங்கில் அப்படி யாரேனும் இருந்தால், பூசைக்குப் பின் என்னிடம் வந்து சொல்லுங்கள். மனு எழுத உதவி செய்கிறேன்.