சக்கர நாற்காலியில் ஒரு சர்ஜன்!

விழுப்புரத்தில் காட்பாடி ரயில் ஏறினால், திருவண்ணாமலையைத் தாண்டி வேலூர் வரும். திண்டிவனத்துக் குட்டீஸ் என்றால், வந்தவாசி, ஆற்காடு வழியாக பஸ்சில் போகலாம். அந்த வேலூரில் வாழ்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் பற்றி உங்களுக்குத் தெரியுமா?

கேரளாவில் 1925ல் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி.,யில் படித்து டாக்டரானார். 1954 ஜனவரியில், நண்பர்களோடு சென்ற கார் விபத்துக்குள்ளானது. முகத்தில் பலத்த காயம். அதைவிடக் கொடுமை, முதுகுத்தண்டில் விழுந்த அடி. இரு கால்களும் செயலிழந்தன. அப்போது அவருக்கு முப்பது வயது கூட ஆகவில்லை.

உங்கள் முதுகின் நடுவே விரலால் தடவிப் பாருங்கள். மணி மணியாகத் தட்டுப்படுகிறதா? அதுதான் முதுகெலும்பு. பக்கவாட்டில் பார்த்தால் லேசாக வளைந்திருக்கும்; குதிக்கும்போது ஏற்படும் அதிர்ச்சியை ஸ்பிரிங் போலத் தாங்க இந்த வளைவு வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் நேர்கோடு. கொடிக்கம்பத்தைச் சுற்றிலும் கயிறு கட்டி நிறுத்துவோமே, அப்படித் தசைகள் அதை இழுத்துப் பிடிக்கின்றன. தசைகளுக்கு உத்தரவு கொண்டு போகும் தண்டுவடம், எலும்புகளுக்கு உள்ளேயே ஓடுகிறது. அது சேதமானால் கயிறு தளரும். வளரும் வயதில் இப்படி ஆனால், முதுகு ஒரு பக்கம் சாயும்; சாய்ந்த பக்கம் பாரம் கூடும்; அதனால் இன்னும் வளையும்.

அடிபடாமலும், பத்து வயதுக்கு மேல் மளமளவென உயரும்போது சிலருக்கு முதுகு பக்கவாட்டில் வளைவதுண்டு. பெரும்பாலும் காரணம் பிடிபடவில்லை. (பாவம், புத்தகப் பை மேல் பழி போடாதீர்கள்!) குனியும்போது முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால், அம்மாவிடம் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள்.

மேரிக்கு வருவோம். இனி ஆபரேஷன் செய்யவே முடியாது என்றுதான் அவர் நினைத்தார். டாக்டர் பால் பிராண்ட் ஒரு வழி காட்டினார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சரிசெய்யும் ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாமே! மேரி கற்றுக் கொண்டார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே பலருடைய விரல்களுக்கு அசைவு கொடுத்தார்.

பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்றார். பிறர் துணையின்றி வாழும் பயிற்சி அங்கே கிடைத்தது. இது நம்மூர் நோயாளிகளுக்கும் வேண்டும் என்று தோன்ற, அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். வேலூரில் 1966ல் மறுவாழ்வு மையம் உருவானது. 1972ல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1986ல் காலமானார்.

படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, படுக்கைப் புண் வராமல் உடம்பைத் திருப்பிப் போடுவது, ஊருக்குத் திரும்பிப் பிழைக்க ஒரு தொழில்... இவையெல்லாம் இத்தகைய மையங்களில் பாடங்கள்.