படிக்கட்டில் அமர்ந்த வழக்கறிஞர்

மட்டாஞ்சேரியின் யூதர் தெருவுக்கு நான் முதன்முறை சென்றது, 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தின் நீல நிறச் சீன ஓடுகளைக் காண்பதற்காகவே. திரும்பும்போதுதான் அந்தத் தெருவுக்கு ஏ.பி. சேலம் என்பவரின் பெயர் இடப்பட்டிருப்பதைக் கவனித்தேன். நம் சேலத்துக்கும் கொச்சிக்கும் என்ன தொடர்பு என்று ஒரு கணம் மயங்கினேன். ஊரின் பெயரன்று அது. ஆபிரகாம் பராக் சேலம் என்ற மனிதரின் பெயர். அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்த பிறகு, அந்த ஆலயத்தின் ஓடுகளைவிட அதன் படிகளே என் நினைவில் நிற்கின்றன.

யூதர் யார் என்பதற்கு அச்சமயச் சட்டம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விடை எளிது. யூதத் தாய்க்குப் பிறந்தவர் யூதர். முறைப்படி மதம் மாறியவரும் யூதர். அடிமையாயிருந்தவர் விடுதலை பெற்று, சடங்கு நீராடலை முடித்துவிட்டால் அவரும் யூதரே. கொச்சியிலோ இந்த விடை செல்லுபடியாகவில்லை. ஐரோப்பாவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்து குடியேறிய பரதேசி யூதர்கள், தங்கள் வீடுகளில் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோரின் வழித்தோன்றல்களைத் தமக்குச் சமமாக ஏற்கவில்லை. மெஷுக்ராரிம், அதாவது விடுவிக்கப்பட்டோர் என்ற பெயர் தலைமுறை தலைமுறையாக அவர்களை விடாமல் தொடர்ந்தது. ஆலயத்துக்குள் அவர்களுக்கு இருக்கை கிடையாது. மறைநூல் வாசிக்க அழைப்பில்லை. வழிபாட்டுக்கு வேண்டிய பத்து ஆண்களின் எண்ணிக்கையில் இடமில்லை. திருமண உறவும் இல்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவின் பேரறிஞர் டேவிட் பென் ஸிம்ரா, முறைப்படி விடுதலையும் நீராடலும் பெற்றவர்களைச் சமமாகவே நடத்த வேண்டும் என்று தீர்ப்பளித்திருந்தார். தீர்ப்பு கடல் கடந்து வந்தது, வழக்கம் அசையவில்லை.

அத்தகைய குடும்பத்தில்தான் 1882இல் சேலம் பிறந்தார். சென்னையில் சட்டம் பயின்று, எறணாகுளத்தில் வழக்கறிஞரானார். கொச்சி சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். 1929இல் லாகூர் காங்கிரஸுக்கும் சென்றுவந்தார். மன்றத்தில் எழுந்து பேசும் உரிமை பெற்றிருந்த அவருக்குத் தம் ஆலயத்தில் உட்கார இடமில்லை.

மறைநூல் சட்டம் தம் பக்கம் இருப்பதை அவர் அறிவார். தனியே ஓர் ஆலயம் எழுப்பிக்கொண்டு விலகியிருக்கலாம். வேறு சமயம் நாடியிருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. காந்தியின் சத்தியாகிரகத்தைக் கையிலெடுத்து, ஆலயத்தின் படிகளில் அமர்ந்தார். பக்கத்துத் திருவிதாங்கூரில் வைக்கம் கோயில் தெருக்களுக்காகப் போராட்டம் நடந்த தலைமுறை அது. பெரியார் அங்கே சிறை சென்றதை நாம் அறிவோம். யூத காந்தி என்று சேலத்தை அழைக்கிறார்கள். எனக்கு அந்தப் பட்டம் சற்றுச் சலிப்பூட்டுகிறது. அவர் புதிதாக யூதராக விரும்பியவர் அல்லர்; தாம் ஏற்கெனவே யூதர் என்பதை மற்றவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றே கேட்டார்.

தடைகள் ஒரே நாளில் விழவில்லை. முதலில் பின்வரிசையில் இருக்கை கிடைத்தது; மறைநூல் வாசிக்கும் உரிமை அதற்குப் பின்னரே வந்தது. திருமணம்தான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. 1950இல் அவருடைய மகன் பரதேசி குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, ஆலயத்தில் அருகருகே அமரச் சம்மதித்தவர்களிலும் பலர் முகம் சுளித்தனர்.

இஸ்ரேல் உருவானபின், மலபார் யூதர்கள் அங்கே குடியேறுவதில் தடைகள் எழுந்தன. பரதேசிகளால் கறுப்பு யூதர் என்று ஒதுக்கப்பட்ட பழங்குடியினர் இவர்கள். வட்டெழுத்துச் செப்பேட்டில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு உரிமைகள் வழங்கிய காலத்திலிருந்து தம் மரபைச் சொல்பவர்கள். இவர்களுக்காகப் பரிந்து பேச 1953இல் சேலம் இஸ்ரேல் சென்றார். அவர்கள் குடும்பம் குடும்பமாகக் குடிபெயர்ந்தார்கள். முதுமையை எட்டியிருந்த சேலம் கொச்சிக்குத் திரும்பினார். 1967இல் இறக்கும்வரை அங்கேதான் வாழ்ந்தார்.