சுவரே துணை

ஈப்போ இடைநிலைப் பள்ளியில் டென்னிஸ் கற்றேன். விடுமுறையில் தோட்டத்துக்குத் திரும்பினால் எதிர்த்து ஆட ஆளில்லை. கைவிடப்பட்ட பால் ஸ்டோரின் சுவர்தான் இருந்தது. அப்போதுதான் டொனால்ட் பிராட்மனைப் பற்றிப் படித்தேன்.

1908இல் பிறந்த அவர் ஆஸ்திரேலியாவின் பௌரலில் வளர்ந்தார். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிய வளைந்த செங்கல் சுவரில், கோல்ஃப் பந்தைக் கிரிக்கெட் ஸ்டம்பால் அடித்துப் பழகினார். வளைவில் பட்ட பந்து எந்தப் பக்கம் பாயுமென்று சொல்ல முடியாது. இடையில் ஈராண்டு கிரிக்கெட்டை விட்டு டென்னிஸ் ஆடினாராம், எனக்கு அதில் தனி மகிழ்ச்சி! 1948இல் கடைசி டெஸ்டில் 4 ஓட்டம் எடுத்திருந்தால் சராசரி 100. பூஜ்யத்தில் ஆட்டமிழந்தார், 99.94இல் நின்றது. 2001இல் மறைந்தார்.

என் சுவரோ நேரானது. பூச்சு உதிர்ந்த இடமாகப் பார்த்து அடிக்கத் தொடங்கினேன். பந்து கோணலாகத் திரும்பியது, கால்கள் ஓடப் பழகின. வீடமைப்புக்காகச் சுவரை இடித்தபோது என் பின்கை அடி பாதிதான் தேறியிருந்தது.