காபிக் கறையில் கடலைக் கண்டவர்!

எழுதிக்கிட்டிருக்கிற நோட்டுல காபி கொட்டிடுச்சு. என்ன பண்ணுவீங்க? பதறிப்போய் துடைப்பீங்க. இல்லைன்னா அந்தப் பக்கத்தையே கிழிச்சிடுவீங்க. விக்டர் ஹியூகோவா இருந்தா, வேணும்னே இன்னும் கொஞ்சம் ஊத்தியிருப்பார்.

ஆமாங்க, எழுத்தாளர் ஹியூகோவேதான். 1950-ல் நாகையா நடிச்ச 'ஏழை படும் பாடு' படத்தை உங்க தாத்தா பார்த்திருக்கலாம். அந்தக் கதைக்கு மூலம் இவரோட 'லே மிசரபிள்' நாவல். 1802-ல் பிரான்ஸில் பிறந்து 1885-ல் இறந்துபோன அந்த மனுஷன், சுமார் 4,000 ஓவியங்களையும் விட்டுட்டுப் போயிருக்கார். ஊருக்குக் காட்ட வரைஞ்சதில்லை. பெரும்பாலும் வீட்டுக்கும் நண்பர்களுக்கும்தான்.

பேனா, மை, கரித்துண்டு, புகைக்கரி, குடிச்சு மிச்சமான காபி... இதெல்லாம்தான் அவரோட பெயின்ட் பாக்ஸ். பிரஷ்ஷுக்குப் பதிலா சில நேரம் தீக்குச்சி, சில நேரம் விரல் நுனி. காகிதத்தில் மையைக் கொட்டி, அது இஷ்டத்துக்குப் பரவட்டும்னு விடுவார். காயுறதுக்குள்ள ரெண்டா மடிச்சு அழுத்துவார் (ஸ்கூல்ல நாம இங்க் வச்சு விளையாடுவோமே, அதேதான்). லேஸ் துணியை மையில் தோய்ச்சு ஒத்தி எடுப்பார். மை போன போக்கில் ஒரு பாறையோ, இடிஞ்ச கோட்டையோ தெரிஞ்சா நாலு கோடு சேர்ப்பார். தெரியலைன்னா? கறையைக் கறையாவே விட்டுடுவார். எனக்குப் பிடிச்சது இந்த ரகம்தான். 'அப்ஸ்ட்ராக்ட்'னு உலகம் பேச ஆரம்பிக்க அப்போ இன்னும் அரை நூற்றாண்டு பாக்கி!

ஆரம்பத்தில் பயணக் குறிப்பு, கேலிச்சித்திரம்னு ஜாலியாத்தான் வரைஞ்சார். 1843 செப்டம்பரில் எல்லாம் மாறிடுச்சு. கல்யாணமாகி ஏழே மாசமான மூத்த மகள் லியோபோல்டின், செய்ன் நதியில் படகு கவிழ்ந்து கணவரோடு இறந்துபோனாள். வயசு 19. ஊர் சுத்திட்டுத் திரும்பிக்கிட்டிருந்த அப்பாவுக்கு விஷயமே தெரியாது. வழியில் ஒரு கஃபேயில் பேப்பரைப் புரட்டினப்போதான் படிச்சார். அதுக்குள்ள மகளைப் புதைச்சே முடிச்சிருந்தாங்க.

அப்புறம் கிட்டத்தட்ட ஒன்பது வருஷம் அவர்கிட்ட இருந்து பெரிய புத்தகம் எதுவும் வெளிவரலை. அதே வருஷங்களில்தான் ஓவியங்கள் குவிய ஆரம்பிச்சது. துக்கத்துக்கு வார்த்தை தேட வேண்டாம், மை பாட்டுக்குப் போகட்டும்னு விட்டுட்டாரோன்னு எனக்குத் தோணும்.

1851-ல் லூயி நெப்போலியன் ஆட்சியைப் பிடிச்சப்போ எதிர்த்து நின்னார். விளைவு, நாட்டை விட்டே ஓட வேண்டியதாச்சு. ஜெர்சி, கெர்ன்ஸின்னு ரெண்டு தீவுகளில் மட்டும் 18 வருஷம். சுத்திலும் கடல். அங்கேயும் கறைகள் தொடர்ந்தன. இப்போ அதிலேயும் அலை, புயல், மூழ்குற கப்பல்.

1881-ல் உயில் எழுதினப்போ, தான் எழுதினது, வரைஞ்சது எல்லாத்தையும் பாரிஸ் தேசிய நூலகத்துக்குக் கொடுத்துட்டார். வெளிச்சம் பட்டா மங்கிடும்ங்கிறதால, அந்தக் காகிதங்களை எப்பவாவதுதான் வெளியே எடுக்கிறாங்க.