சென்னைக்கு மணி சொன்ன கோல்டிங்காம்

காரைக்குடியில் பகல் 12 மணி அடிக்கும்போது சூரியன் உச்சியில் இருப்பதில்லை. ஆண்டு முழுவதும் பார்த்துச் சராசரி போட்டால், கடிகாரம் 12-15 காட்டும்போதுதான் உச்சிக்கு வருகிறது.

கடிகாரம் தப்பா? சூரியன் தாமதமா?

இரண்டும் இல்லை. நம் கடிகாரம் காரைக்குடிச் சூரியனைப் பார்த்து ஓடவில்லை. அவ்வளவுதான்!

ஓர் ஊரின் உண்மையான மணி என்ன என்று கண்டுபிடிக்க, சென்னையில் இரவெல்லாம் விழித்திருந்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஜான் கோல்டிங்காம். பிறந்தது 1767-ல்.

கப்பலுக்கு வந்த ஆபத்து

அப்போது சென்னையில் கம்பெனி ஆட்சி. கப்பல்கள்தான் கம்பெனியின் உயிர். நடுக்கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று மாலுமிக்குத் தெரிய வேண்டும். வடக்கே எவ்வளவு தூரம், தெற்கே எவ்வளவு தூரம் என்பதை நட்சத்திரத்தின் உயரத்தைக் கொண்டு சொல்லிவிடலாம். கிழக்கு மேற்குக் கணக்குத்தான் தொல்லை. அது தப்பினால், கரை தூரத்தில் இருப்பதாக நினைத்து, இருட்டில் மணல்திட்டில் மோத வேண்டியதுதான். எத்தனையோ கப்பல்கள் அப்படிப் போயின.

அதனால் கம்பெனி ஒரு வான ஆராய்ச்சி நிலையம் வைத்தது. மைக்கேல் டாப்பிங் என்பவர் திட்டம் போட, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டிடம் எழுந்தது. கருவியைத் தாங்க ஒரு கருங்கல் தூண் நிறுத்தினார்கள். அதில் தமிழிலும் எழுத்து வெட்டினார்கள். தூண் இன்றும் அங்கே வானிலை நிலையத்தில் இருக்கிறது.

டாப்பிங் நெடுநாள் இருக்கவில்லை. 1796-ல் மசூலிப்பட்டினத்தில் காய்ச்சல் கண்டு இறந்தார். அவருக்கு உதவியாக இருந்த கோல்டிங்காம் தலையில் பொறுப்பு விழுந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பதுதான்.

வானத்துக் கடிகாரம்

பூமி 24 மணி நேரத்தில் ஒரு முறை சுழல்கிறது. ஒரு சுற்று என்பது 360 டிகிரி. அப்படியானால் ஒரு மணிக்கு 15 டிகிரி. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். நம் நாழிகைக் கணக்கில் சொன்னால், 6 டிகிரி ஒரு நாழிகை.

ஆக, ஒரே நொடியில் சென்னையில் மணி என்ன, லண்டனை அடுத்த கிரீனிச்சில் மணி என்ன என்று தெரிந்துவிட்டால் போதும். சென்னையின் தீர்க்க ரேகை கைக்கு வந்துவிடும்.

ஆனால் தந்தி இல்லாத காலம். கடிதம் போக மாதக்கணக்கில் ஆகும். கிரீனிச்சில் மணி என்ன என்று யாரைக் கேட்பது?

வியாழன் கிரகத்தைக் கேட்டார் கோல்டிங்காம்!

வியாழனைச் சுற்றும் நிலாக்கள் அதன் நிழலில் புகுந்து மறையும். இந்தக் கிரகணம் சென்னைக்கும் கிரீனிச்சுக்கும் ஒரே நொடியில் நடக்கும். சென்னைக் கடிகாரத்தில் இரவு 1 மணி என்று வைத்துக்கொள்வோம். கிரீனிச் கணக்கில் அது முன்னிரவு 7-39 என்றால் வித்தியாசம் 5 மணி 21 நிமிடம். அதை 15-ஆல் பெருக்குங்கள். 80¼ டிகிரி வருகிறது அல்லவா?

சொல்ல எளிது. ஒரு மேகம் வந்தால் அந்த இரவு வீண். நிலா விளக்கை ஊதியதுபோல அணைவதும் இல்லை. மெல்ல மெல்ல மங்கும். பெரிய டெலஸ்கோப்பில் பார்ப்பவருக்குச் சற்று நேரம் கூடுதலாகத் தெரியும். ஒருவர் குறித்த நேரம் மற்றவருக்கு ஒத்துவராது. ஆகவே பல கிரகணங்களைப் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும்.

1802-ல் கோல்டிங்காம் கணக்கு முடிந்தது. 80 டிகிரி 18½ கலை என்றார். அதே ஆண்டு ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கம் நில அளவையைத் தொடங்கிய லாம்டன், இந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டார்.

இன்றைய அளவோடு ஒப்பிட்டால் பிழை சுமார் 15 விநாடி. தரையில் அது ஆறரைக் கிலோமீட்டர். அவர் கணக்கைப் படத்தில் குறித்தால் நுங்கம்பாக்கம் வங்கக் கடலுக்குள் போய்விடும்! சிரிக்க வேண்டாம். அன்றிருந்த கருவிக்கு அது பெரிய சாதனை.

இவர் வானத்தை மட்டும் பார்த்தவர் அல்ல. சென்னை ராஜாஜி மண்டபத்தைக் கட்டியவரும் இவரே. நில அளவைப் பள்ளியையும் நடத்தினார். பிற்காலத்தில் அதுதான் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரி ஆயிற்று. கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிக்க, வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை எண்ணி ஒலியின் வேகத்தையும் அளந்தார். வெயில் ஏறினால் வேகமும் ஏறுகிறது என்று கண்டார். 1830-ல் வேலையை விட்டார். 1849-ல் காலமானார்.

ரயிலுக்கும் சென்னை மணி

ரயில் வந்ததும் குழப்பம் வந்தது. கல்கத்தா மணி சென்னைக்கு அரைமணிக்குச் சற்று மேல் முந்தியது. பம்பாய் மணி அரைமணி பிந்தியது. நடுவில் இருந்த சென்னை மணியையே ரயில்கள் எடுத்துக்கொண்டன. பம்பாய்க்காரருக்கு அது பிடித்திருக்காது!

1906 ஜனவரி 1 முதல் 82½ டிகிரி ரேகையின் மணி இந்தியா முழுமைக்கும் பொது மணி ஆயிற்று. ஆனாலும் கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் சொந்த மணியை விடவில்லை.

காரைக்குடி அந்த ரேகைக்கு ஏறக்குறைய 3¾ டிகிரி மேற்கே இருக்கிறது. அதனால்தான் அந்த 15 நிமிடம். கொண்டுவிக்க ரங்கூன் போன நகரத்தாருக்கு வித்தியாசம் இன்னும் அதிகம். ரங்கூனில் சூரியன் உச்சிக்கு வந்து ஒரு மணி பத்து நிமிடம் கழிந்த பிறகே காரைக்குடியில் உச்சிப் பொழுது. இங்கே பிறந்த குழந்தைக்கும் அங்கே பிறந்த குழந்தைக்கும் ஜாதகம் கணிக்க, ஜோசியர் அந்தந்த ஊர் உதயத்திலிருந்துதான் நாழிகை எண்ணினார்.