31 வயதில் மறுபடியும் முதலிலிருந்து

2017 ஜனவரி மாதம் ஞாபகம் இருக்கா? பினாங்கு அணியின் ஃபாயிஸ் சுப்ரி, சூரிக் நகரத்து மேடையில் ஏறி ஃபிஃபாவின் புஷ்காஷ் விருதை வாங்கினார். பகாங் அணிக்கு எதிராக அவர் அடித்த அந்த ஃப்ரீ கிக், காற்றிலேயே திசை மாறி உள்ளே போனதை நாம் எல்லாரும் எத்தனை தடவை பார்த்திருப்போம்! நான் அப்போது மூன்றாம் படிவம். விருது வாங்கியவரைப் பற்றி வகுப்பே பேசியது. ஆனால் விருதுக்குப் பெயர் கொடுத்த அந்தப் புஷ்காஷ் யார் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

பல வருடம் கழித்து, பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தில் தோற்று அதையே மறுபடி எடுக்க வேண்டிய நிலையில்தான் அவர் கதையைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன், நண்பர்களே.

ஃபெரென்ட்ஸ் புஷ்காஷ் 1927 ஏப்ரலில் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்டில் பிறந்தார். வளர்ந்தது கிஷ்பெஷ்ட் என்ற புறநகரில். அப்பா அந்த ஊர் அணியின் ஆட்டக்காரர், பிறகு பயிற்றுநர். பக்கத்து வீட்டுப் பையன் யோசெஃப் போஜிக்தான் உயிர் நண்பன். 12 வயது ஆனால்தான் கிளப்பில் பதிய முடியும் என்ற விதி இருந்ததால், புஷ்காஷ் வேறு பெயரில் சேர்ந்து ஆடினாராம். வீட்டிலும் தெருவிலும் அவரைத் தம்பி என்று பொருள் தரும் செல்லப்பெயரில்தான் கூப்பிடுவார்கள். கடைசிவரை அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆள் குள்ளம், கொஞ்சம் குண்டு. வலது காலை அதிகம் நம்பமாட்டார். ஆனால் அந்த இடது கால்! 1949-இல் ராணுவம் கிஷ்பெஷ்ட் அணியை எடுத்துக்கொண்டு ஹொன்வேட் என்று பெயர் மாற்றியது. ஆட்டக்காரர்களுக்கு ராணுவப் பதவி கிடைத்தது. புஷ்காஷ் மேஜர் ஆனது இப்படித்தான். போருக்குப் போய் அல்ல, பந்து உதைத்து!

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்குத் தங்கம். யூகோஸ்லாவியாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் ஒரு பெனால்டியைத் தவறவிட்ட புஷ்காஷ், அதே ஆட்டத்தில் முதல் கோலையும் அடித்தார். 1953 நவம்பர் 25-ஆம் தேதி வெம்ப்ளியில் இங்கிலாந்தை 6-3 என்று சாய்த்தார்கள். ஐரோப்பியக் கண்டத்து அணி எதுவும் அதுவரை இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் வென்றதில்லை. அன்று புஷ்காஷ் பந்தை உள்ளங்காலால் பின்னால் இழுக்க, இங்கிலாந்து கேப்டன் பில்லி ரைட் வெறும் இடத்தில் சறுக்கிப் போனார். அடுத்த நொடி கோல். இன்று புட்சல் கோர்ட்டில் நாம் போடும் அதே டிரிக்தான்.

1954 உலகக் கோப்பைக்குப் போகும்போது நான்கு வருடமாகத் தோல்வியே காணாத அணி அது. முதல் சுற்றில் மேற்கு ஜெர்மனியை 8-3 என்று அடித்தது. ஆனால் அந்த ஆட்டத்தில் புஷ்காஷின் கணுக்காலில் அடிபட்டது. அடுத்த இரண்டு ஆட்டங்களில் அவர் இல்லை. பெர்ன் நகரில் கொட்டும் மழையில் நடந்த இறுதியாட்டத்தில், முழுசா குணமாகாத காலோடு இறங்கினார். எதிரே மறுபடியும் மேற்கு ஜெர்மனி. 6-ஆம் நிமிடத்தில் புஷ்காஷ் ஒரு கோல், அடுத்து ஸிபோர் ஒரு கோல். எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் ஜெர்மனி 3-2 என்று முந்தியது. கடைசி நிமிடங்களில் புஷ்காஷ் சமன் செய்தார். ஆனால் ஆஃப்சைட் என்று கொடி உயர்ந்துவிட்டது. கோப்பை கை நழுவியது.

அதைவிடப் பெரிய அடி 1956-இல் வந்தது. ஹங்கேரியில் எழுந்த புரட்சியை சோவியத் டாங்கிகள் நசுக்கின. ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்துக்காக ஹொன்வேட் வெளிநாட்டில் இருந்தது. சொந்த ஊரில் ஆட வேண்டிய ஆட்டத்தை பிரசல்ஸில் ஆடி, போட்டியிலிருந்தே வெளியேறினார்கள். திரும்பிப் போவதா, வேண்டாமா? போஜிக் ஊருக்குத் திரும்பினார். புஷ்காஷ் திரும்பவில்லை. அவர் மனைவியும் சின்ன மகளும் எல்லை கடந்து ஆஸ்திரியா வந்து சேர்ந்தார்கள். காற்பந்து ஆடவே தடை வந்தது. ஒரு வருடத்துக்கும் மேல் ஆட்டம் இல்லை, உடம்பு பெருத்தது. இனி இவர் கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

1958-இல் ரியல் மாட்ரிட் அவரைச் சேர்த்தது. வயது 31. மொழி தெரியாது, ஓட மூச்சு வாங்குது. எடையைக் குறைத்தார், ஓடினார், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். பிறகு நடந்தது வரலாறு. ஸ்பெயின் லீக்கில் அதிக கோல் அடித்தவர் என்ற பட்டம் நான்கு தடவை. 1960 மே மாதம் கிளாஸ்கோவில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் மாட்ரிட் 7, ஃபிராங்க்ஃபர்ட் 3. அந்த ஏழில் நான்கு புஷ்காஷுடையது, மூன்று டி ஸ்டெஃபானோவுடையது. 1962 இறுதியாட்டத்தில் மூன்று கோல் போட்டும் பென்ஃபிகாவிடம் தோற்றார். ஆட்டம் முடிந்ததும் தன் சட்டையைக் கழற்றி, எதிரணியின் இளைஞன் யூசேபியோவிடம் கொடுத்துவிட்டுப் போனார். தோற்ற நேரத்திலும் அந்த மனசு!

ஆட்டத்தை விட்ட பிறகு பயிற்றுநர் ஆனார். கிரேக்கத்தின் பனாதினைக்கோஸ் அணியை 1971-இல் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம்வரை கொண்டுபோனார். பிறகு ஆஸ்திரேலியாவில் சவுத் மெல்பர்ன் அணி 1991-இல் லீக் பட்டம் வென்றதும் இவர் பயிற்சியில்தான்.

தாய்நாட்டு மண்ணை அவர் மறுபடி மிதித்தது 1981-இல். 25 வருடம் கழித்து. பக்கத்து வீட்டு போஜிக் அதற்கு மூன்று வருடம் முன்பே இறந்துவிட்டார். எத்தனை கோப்பை வாங்கினாலும் சில விலையைத் திருப்பி வாங்க முடியாது போல.

நோயால் நினைவுகள் மங்கிய நிலையில், 2006 நவம்பர் 17-ஆம் தேதி புடாபெஸ்ட்டில் புஷ்காஷ் காலமானார். ஹங்கேரிக்காக 85 ஆட்டம், 84 கோல். அவர் நினைவாக ஃபிஃபா 2009-இல் தொடங்கிய விருதைத்தான் நம்ம ஃபாயிஸ் வாங்கினார்.

எனக்குப் பிடித்தது அந்த 84 இல்லை, அந்த 31. ஒரு தாளில் தோற்றதும் எல்லாம் போச்சு என்று அறைக் கதவைச் சாத்திய எனக்கு, நாடே போன பிறகும் பூட்ஸைக் கட்டிக்கொண்டு மைதானத்தில் ஓடிய அந்தக் குண்டு மனிதர் தேவைப்பட்டார். அந்தப் பாடத்தை இந்த செமஸ்டர் மறுபடி எடுத்திருக்கிறேன். முதல் அத்தியாயத்திலிருந்து.