20 ஆண்டுகள் திறக்காதீர்கள் என்று எழுதி வைத்த ஓவியர்

உங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். நம்மைப் போன்ற அடுக்குமாடி வீடுகளில் தரையிலிருந்து கூரை வரை ஏறக்குறைய 10 அடி இருக்கும். 1907-ல் ஸ்வீடன் நாட்டுப் பெண்மணி ஒருவர் வரைந்த 10 ஓவியங்களில் ஒன்றைக்கூட அந்தச் சுவரில் நிறுத்த முடியாது. ஒவ்வொன்றும் 10 அடிக்கு மேல் உயரம், ஏறக்குறைய 8 அடி அகலம். அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பருக்குள் பத்தையும் முடித்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது 45. முடித்த பிறகு எந்தக் கலைக்கூடத்துக்கும் அனுப்பவில்லை.

அவர் பெயர் ஹில்மா ஆஃப் கிளிண்ட். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். அவர் இறந்து 40 ஆண்டுகள் வரை இந்த ஓவியங்களைப் பற்றி அநேகமாக யாருக்கும் தெரியாது.

1862-ல் பிறந்தவர். அப்பா கடற்படை அதிகாரி, தாத்தா கடல் வரைபடங்கள் தயாரித்துப் பெயர் பெற்றவர். கணக்கும் கோடுகளும் வீட்டில் புழங்கிய விஷயங்கள். கோடை விடுமுறைகள் மேலாரன் ஏரியில் உள்ள ஒரு தீவில் கழிந்தன. செடி கொடிகளைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது. 1882-ல் ஸ்டாக்ஹோம் அரசுக் கலைக்கல்லூரியில் சேர்ந்து 5 ஆண்டுகள் படித்தார். அதன் பிறகு இயற்கைக் காட்சிகள், மனிதர்களின் உருவப்படங்கள், தாவரப் படங்கள் என்று வரைந்து விற்றுச் சம்பாதித்தார். கால்நடை மருத்துவ நிறுவனம் ஒன்றுக்காகக்கூடப் படம் வரைந்து கொடுத்திருக்கிறார். ரோஜாவை ரோஜாவாகவே வரையத் தெரிந்தவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அவருடைய வட்டங்களையும் சுருள்களையும் முதல் தடவை பார்க்கும் பலர், இவருக்கு வரையத் தெரியாதோ என்று கேட்டுவிடுகிறார்கள்!

1880-ல் அவருடைய தங்கை ஹெர்மினா 10 வயதில் இறந்துபோனாள். மறைந்தவர்களோடு தொடர்புகொள்ள முடியுமா என்ற ஆர்வம் ஹில்மாவுக்கு அதற்குச் சற்று முன்பே உண்டு. தங்கையின் மரணத்துக்குப் பிறகு அந்தத் தேடல் இன்னும் ஆழமானது. இதைக் கேட்டதும் உங்களில் சிலர் புருவம் உயர்த்துவீர்கள். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். எக்ஸ் கதிர்களும் கம்பியில்லாத் தந்தியும் வந்துகொண்டிருந்த காலம். கண்ணுக்குத் தெரியாதது இல்லாததாகிவிடாது என்று விஞ்ஞானமே சொல்ல ஆரம்பித்திருந்தது. படித்தவர்கள் வட்டத்தில் இத்தகைய தேடல் சாதாரணம்.

அவர் சேர்ந்த இயக்கங்களில் ஒன்று நமக்கு மிகவும் பக்கத்தில் இருப்பது. பிரம்மஞான சபை. நியூயார்க்கில் 1875-ல் தொடங்கிய அந்தச் சபையின் தலைமையகம் 1882 முதல் சென்னை அடையாறில்தான் இருக்கிறது. பெரிய ஆலமரத்தைப் பார்க்கப் போயிருப்பீர்களே, அதே வளாகம். அதன் ஸ்வீடன் கிளையில் ஹில்மா உறுப்பினர். எல்லா மதங்களுக்கும் அடியில் ஒரே உண்மை ஓடுகிறது, பிரபஞ்சம் படிப்படியாக மேல்நோக்கி வளர்கிறது என்ற எண்ணங்கள் அங்கிருந்து அவருக்குக் கிடைத்தன. அவர் அந்த 10 பெரிய ஓவியங்களை வரைந்த 1907-ல்தான் அன்னி பெசன்ட் அடையாறில் சபையின் தலைவரானார்.

1896-ல் ஹில்மாவும் நான்கு தோழிகளும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். ஐவர் என்றே பெயர். வெள்ளிக்கிழமைகளில் கூடுவார்கள். பிரார்த்தனை, தியானம், பைபிள் வாசிப்பு என்று ஒழுங்காகத் தொடங்கும். அதன் பிறகு கையில் பென்சிலைப் பிடித்துக்கொண்டு, தாங்களாக எதையும் யோசிக்காமல், கை போகிற போக்கில் எழுதவும் வரையவும் விடுவார்கள். நடந்ததையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் பதிவு செய்வார்கள். இப்படிப் பல ஆண்டுகள் நடந்தது.

இந்தக் கூட்டங்களில்தான் ஒரு கோவிலுக்கான ஓவியங்களை வரைய வேண்டும் என்ற அழைப்பு வந்ததாக அவர்கள் நம்பினார்கள். மற்றவர்கள் தயங்கினார்கள். 1906-ன் தொடக்கத்தில் ஹில்மா ஒப்புக்கொண்டார். உடனே தூரிகையை எடுத்துவிடவில்லை. விரதம்போல் மாதக்கணக்கில் தன்னைத் தயார்செய்துகொண்டார். அந்த ஆண்டு நவம்பரில்தான் முதல் ஓவியங்கள். அப்போதிலிருந்து 1908 ஏப்ரல் வரை 111 ஓவியங்கள்.

அவர் வேலை செய்த விதத்தைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைத்தேன். முன்கூட்டியே மாதிரி வரைந்துகொள்ளவில்லை. எதற்கு இந்த வட்டம், எதற்கு இந்த மஞ்சள் என்று வரையும்போது அவருக்கே தெரியவில்லை. தன் வழியாக அது வருகிறது என்று நம்பினார். ஆனால் இதைச் சாமி வந்து ஆடுவதோடு சேர்த்துவிடாதீர்கள். வரைந்து முடித்த பிறகு, தன் படங்களைத் தானே ஒரு மாணவியைப்போல ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து படித்தார். நீலம் பெண்மை, மஞ்சள் ஆண்மை, இரண்டும் கலந்த பச்சை ஒருமை. நத்தை ஓட்டின் சுருள் வளர்ச்சி. இப்படித் தன் அடையாளங்களுக்கு ஓர் அகராதியே தயாரித்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகள் மட்டும் சுமார் 26,000 பக்கங்கள். ஆவிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த 26,000 பக்கங்களின் முன்னால் வாயை மூடிக்கொள்கிறேன்.

1908-ல் வேலை நின்றது. அம்மாவுக்குக் கண்பார்வை போய்விட்டது. பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, திருமணம் செய்துகொள்ளாத மகளான ஹில்மாவிடம் வந்தது. 4 ஆண்டுகள் கோவில் ஓவியங்களைத் தொடவில்லை. வீட்டில் வயதானவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்கள் நம் குடியிருப்பிலும் உண்டு. அந்த 4 ஆண்டுகள் எப்படிப் போயிருக்கும் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1912-ல் மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை கை தானாக ஓடவில்லை. தூண்டுதல் வரும், அதை எப்படி வரைவது என்று முடிவு செய்வது அவராக இருந்தது. 1915-ல் முடித்தபோது மொத்தம் 193 ஓவியங்கள். கான்டின்ஸ்கி போன்றவர்கள் உருவமற்ற ஓவியத்தின் முன்னோடிகள் என்று புத்தகங்களில் படித்திருப்போம். அவர்களுக்குச் சில ஆண்டுகள் முன்பே இவர் அங்கே போயிருந்தார்.

193 ஓவியங்கள் முடிந்தாயிற்று, கோவில் எங்கே? வட்டமான கட்டடம், உள்ளே சுருளாக ஏறிப் போகும் பாதை என்று கற்பனை செய்தார். கட்டப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. அம்மா 1920-ல் காலமானபின், ஆன்மிகச் சிந்தனையாளர் ருடால்ப் ஸ்டெய்னரின் மையம் இருந்த சுவிட்சர்லாந்தின் டோர்னாக் நகரத்துக்குப் பலமுறை போனார். தன் ஓவியங்களுக்கு அங்கே ஓர் இடம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைக்கவில்லை. ஒன்றிரண்டு ஆன்மிகக் கூட்டங்களில் சில படங்களைக் காட்டினார், அவ்வளவுதான்.

பெரிய ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாதல்லவா? அதற்கு ஒரு வழி செய்தார். கோவில் ஓவியங்கள் ஒவ்வொன்றையும் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் எடுத்து, பக்கத்திலேயே வண்ணத்தில் சின்னதாக வரைந்து ஒட்டி, நீல நிற அட்டை போட்ட 10 ஆல்பங்கள் தயாரித்தார். பயணங்களில் எடுத்துப் போய்க் காட்டலாம். நாம் செல்பேசியில் பேரக்குழந்தை படத்தைக் காட்டுவதுபோல.

வயது 70-ஐத் தொட்டபோது ஒரு முடிவுக்கு வந்தார். தன் காலத்து மனிதர்களுக்கு இது புரியாது. தான் இறந்து 20 ஆண்டுகள் கழித்தே திறக்க வேண்டும் என்று படைப்புகளில் குறியிட்டு, எல்லாவற்றையும் சகோதரரின் மகன் எரிக்குக்கு எழுதி வைத்தார். எரிக்கும் கடற்படைக்காரர். 1944-ல் டிராம் வண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்து அடிபட்ட ஹில்மா, அந்த அக்டோபரில், 82-வது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்பு இறந்தார். கையில் பணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. விட்டுச்சென்றவை 1,200-க்கும் மேற்பட்ட ஓவியங்கள்.

எரிக் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்பதை மறக்கக் கூடாது. ஓவியம் பற்றித் தனிப் பயிற்சி இல்லாத ஒரு மனிதர், அத்தையின் சுருட்டி வைத்த படங்களையும் பெட்டிகளையும் பரணில் ஏற்றி, வெயிலிலும் பனியிலும் 20 ஆண்டுகள் காத்தார். வீடு மாறும்போதெல்லாம் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடும் நமக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். பெட்டிகளைத் திறந்தபின், 1970 வாக்கில் ஸ்டாக்ஹோமின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க முன்வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 1972-ல் குடும்பத்தார் ஓர் அறக்கட்டளை அமைத்து அதனிடம் ஒப்படைத்தார்கள்.

1986-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில், கலையில் ஆன்மிகம் பற்றிய ஒரு கண்காட்சியில்தான் உலகம் முதலில் பார்த்தது. 2013-ல் அதே ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகம் பெரிய கண்காட்சி நடத்தியது. 2018 அக்டோபரில் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் தொங்கவிட்டார்கள். அந்தக் கட்டடத்தின் உள்ளே நுழைந்தால் வட்டமாக, சுருள் சுருளாக மேலே ஏறிப் போகும் பாதை. 6 லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் ஏறிப் பார்த்தார்கள்.

அந்த 10 பெரிய ஓவியங்களும் மனித வாழ்க்கையைப் பற்றியவை. குழந்தைப் பருவத்துக்கு 2, இளமைக்கு 2, நடுவயதுக்கு 4, முதுமைக்கு 2. குழந்தைப் பருவம் ஆழ்ந்த நீலம், முதுமையில் வண்ணங்கள் வெளுத்து மெலிந்திருக்கும். இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன, வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். ஆனால் செல்பேசித் திரையில் அளவு தெரியாது. பக்கத்தில் யாராவது நின்றுகொண்டிருக்கும் புகைப்படமாகத் தேடிப் பாருங்கள்.